கன்னத்தில் ரத்தம் கசியும் சிவப்புக் கட்டி: முடியில் கட்டலாமா?

கேள்வி, 2024 ஜூன் 2, இரவு 9.40

ஊத்துக்குளிப் பக்கம் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு ஏழு வயது. இடது கன்னத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. மூன்று வாரத்தில் நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு வந்துவிட்டது. துண்டு பட்டாலே ரத்தம். காலையில் எழுந்தால் தலையணை உறையெல்லாம் கறை. இது பாலுண்ணிதான், தலைமுடியில் சுருக்குப் போட்டு இறுக்கினால் மூன்றாம் நாள் தானாக விழுந்துவிடும் என்கிறார் மாமியார். அவர் அப்படிக் கட்டி விழுந்ததைப் பார்த்தவர். கட்டலாமா? புற்றுநோய் மாதிரி ஏதாவது இருக்குமோ என்று மனைவி அழுகிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.15

தம்பி, கட்டாதீர்கள். மாமியார் எவ்வளவு சொன்னாலும் இன்று ராத்திரி கட்ட வேண்டாம்.

பாலுண்ணி மூன்று வாரத்தில் இப்படி வளராது. தோல் நிறத்திலேயே இருக்கும், மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், துண்டு பட்டதற்கெல்லாம் ரத்தம் விடாது. நீங்கள் சொல்கிற சிவப்பு, வேகம், ரத்தம் மூன்றும் எனக்கு விரலில் வந்ததேதான். அதற்குப் பெயர் பியோஜெனிக் கிரானுலோமா. ரத்தக் குழாய்கள் கொத்தாக வளர்வதால் வரும் கட்டி. புற்றுநோய் இல்லை, ஒட்டுவாரொட்டியும் இல்லை. குழந்தைகளுக்கு முகத்தில் வருவது சகஜம். ஆனால் அதுதானா என்று தோல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விரலால் அழுத்திப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மனைவியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜூன் 3, மதியம் 1.20

நேற்று அவசரத்தில் எழுதினேன். என் கதையை முழுதாகச் சொல்கிறேன், ஒரு காரணம் இருக்கிறது.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். பதினெட்டு வருடமாக அதே வேலை. 2021-ல் ஒரு நாள் காலர் ஓட்டும்போது இடது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிவிட்டது. நகத்தின் ஓரமாக உள்ளே போய் முனை உடைந்தது. இது எங்களுக்குப் புதிதில்லை. டெட்டால் வைத்து, பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு சாயந்திரம் வரை தைத்தேன். பத்து நாளில் புண் ஆறிவிட்டது. ஆறின இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அடுத்த வாரம் மிளகு. அதற்கும் அடுத்த வாரம் குன்றிமணி. நிறமும் குன்றிமணியின் சிவப்பேதான், மேலே பளபளவென்று ஈரமாக இருக்கும். அடியில் ஒரு குட்டிக் காம்பு, அதைச் சுற்றி வெள்ளையாகத் தோல் ஒரு வளையம் மாதிரி.

வலி இல்லை. ரத்தம்தான் பிரச்சினை. வெள்ளை டி-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. விரல் துணியில் உரசினால் போதும், பீஸில் சிவப்பாக ஒரு கோடு விழும். செக்கிங்கில் இருந்து ஒரே நாளில் பதினொரு பீஸ் திரும்பி வந்தது. மூன்று பிளாஸ்டர் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றித் தைத்தால் விரல் மரத்துவிடும், துணி ஓடுவது கையில் தெரியாது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் சீழ் என்று சொல்லி ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். கட்டியின் மேல் மஞ்சளாக ஈரப் பொருக்கு கட்டியிருக்கும், பார்த்தால் சீழ் மாதிரியே இருக்கும். மாத்திரைக்கு அது அசையவே இல்லை. இரண்டாவது இடத்தில் விரல் மரத்துப்போக ஊசி போட்டு, அறுத்து, அடியைச் சுட்டு அனுப்பினார்கள். கால் மணி நேர வேலை. "ஏனுங் டாக்டர், அறுத்தத என்னங்க பண்ணுனீங்க?" என்று கேட்டேன். "கழிவுல போட்டாச்சும்மா, அது ஒண்ணும் இல்ல" என்றார்.

சரி என்று வந்துவிட்டேன். இருபத்தைந்தாம் நாள் அதே இடத்தில் அதே சிவப்புப் பொட்டு எட்டிப் பார்த்தது.

அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. புற்றுநோயாக இருந்தால்தான் திரும்ப வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது காதிலேயே நின்றது. அது புற்றுநோய் இல்லை என்று எனக்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டிய சதை குப்பையில் போய்விட்டது.

எங்கள் கம்பெனியில் மெஷின் ஊசி உடைந்தால், உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுக்க வேண்டும். காந்தத்தை வைத்துத் தரையைத் தடவுவோம். கிடைத்த துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் செலோடேப்பால் ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. இரண்டு மில்லிமீட்டர் கம்பித் துண்டுக்கு அத்தனை கணக்கு. என் விரலில் இருந்து எடுத்த சதைக்கு ஒரு வரி இல்லை. இன்று நினைத்தாலும் அது எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் தம்பி, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யார் எடுத்தாலும், எப்படி எடுத்தாலும், எடுத்ததைப் பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெல் அடித்துவிட்டது, மீதி பிறகு.

ஜூன் 3, இரவு 9.50

மீதி. கோவையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். சின்ன லென்ஸ் கருவியை விரல்மேல் வைத்துப் பார்த்தார். இந்த முறை மேலோடு அறுக்காமல், கண் வடிவில் அடித் தோலோடு சேர்த்து எடுத்து மூன்று தையல் போட்டார். சிரப் பாட்டில் மாதிரி ஒரு குட்டிப் பாட்டில், உள்ளே சதை கெடாமல் வைக்கும், தண்ணீர் மாதிரி இருக்கும் ஃபார்மலின். என் கண் முன்னாலேயே அந்தச் சிவப்பு மணியை அதில் போட்டார். போட்டதும் அடியில் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. நர்ஸ் என் பெயர், வயது, எந்தக் கை, எந்த விரல் என்று எழுதி ஒட்டி, சரிதானா என்று என்னையே படித்துப் பார்க்கச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. லோபுலர் கேப்பில்லரி ஹீமாஞ்சியோமா என்று எழுதியிருந்தது. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது, இது என்ன வேறு வியாதி என்று. இரண்டும் ஒன்றுதான் என்றார் மருத்துவர். நுண்ணிய ரத்தக் குழாய்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து வளர்ந்த கட்டி என்று அர்த்தம். சரியான பெயர் இதுதானாம், பழைய பெயர் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டதாம்.

இன்று வரை திரும்ப வரவில்லை. தழும்பு அரிசி அளவு.

ஜூன் 5, இரவு 10.05

பெயரைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் அண்ணன் மகள் நர்சிங் படிக்கிறாள், அவளை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டது.

1897-ல் போன்செ, டோர் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இந்தக் கட்டியைப் பற்றி எழுதினார்கள். அந்தக் காலத்தில் காயடித்த குதிரைகளுக்கு வெட்டிய இடத்தில் ஒரு கட்டி வருமாம். அதே நோய்தான் மனிதர்களுக்கும் வருகிறது என்று நினைத்து அந்தக் குதிரை நோயின் பெயரையே வைத்துவிட்டார்கள். பிறகு 1904-ல் ஹார்ட்செல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பியோஜெனிக் கிரானுலோமா என்ற பெயர் நிலைத்தது. சீழ் உண்டாக்கும் கிருமியால் வரும் கட்டி என்ற எண்ணத்தில் வைத்த பெயர். கிருமியும் காரணமில்லை, கிரானுலோமா என்று மருத்துவத்தில் சொல்கிற வகையும் இல்லை. பெயரின் இரண்டு பாதியும் தப்பு. 1980-ல்தான் என் ரிப்போர்ட்டில் இருந்த அந்தப் பெயரை முன்வைத்தார்கள்.

எங்கள் அப்பிச்சி காங்கேயம் பக்கம் மாடு வைத்திருந்தவர். காளைக்குக் காயடித்தால் அந்த இடத்தை எத்தனை நாள் கண் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். குதிரை விஷயத்தை வாசித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

ஜூன் 6, காலை 6.30

ஒருவர் "கல்லுப்பை வைத்துக் கட்டினால் கரைந்துவிடும், எதற்கு அறுவை" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து குழந்தை கன்னத்தில் இதையெல்லாம் சொல்லாதீர்கள். உப்பு வைத்தால் எரியும், அவ்வளவுதான்.

ஜூன் 9, மதியம் 12.10

உப்பு சொன்னவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தக் கட்டிக்கு உப்பு வைப்பது பற்றி நம் நாட்டுத் தோல் மருத்துவர்களே கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று அண்ணன் மகள் காட்டினாள். சாதாரண உப்புத்தூளைக் கட்டியின் மேல் வைத்து, சுற்றித் தோலில் வாசலின் தடவி, மேலே டேப் ஒட்டி, தினம் மாற்றுவார்களாம். உப்பு உள்ளே இருக்கும் நீரை உறிஞ்ச, கட்டி சுருங்கி உதிர்கிறது. நம் வீட்டில் மாங்காய்க்கு உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதே, அதே கணக்கு. தெரியாமல் எரிந்து விழுந்துவிட்டேன்.

ஆனாலும் ஒன்று. இது இன்ன கட்டி என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகு, அவர் பார்வையில் செய்கிற வேலை அது. உப்பில் கரைந்து போனால் பாட்டிலில் போட எதுவும் மிஞ்சாது. இதே மாதிரி சிவப்பாக, ரத்தம் கசிய, நிறமி இல்லாத மெலனோமா என்கிற தோல் புற்றுநோயும் வருமாம். அரிது, குழந்தைகளுக்கு மிக மிக அரிது. பெரியவர்களுக்கு அதுவா இதுவா என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது தேர்ந்தவர்களுக்கே சிரமம் என்கிறார்கள். நான் பாட்டிலையே பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

ஜூன் 9, மாலை 4.45

தம்பி, பதிலே காணோம். குழந்தை எப்படி இருக்கிறாள்?

ஜூன் 9, இரவு 8.30

நல்லது. புதன்கிழமை கோவை என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். பஸ்ஸில் போவதானால் ஜன்னல் பக்கம் உட்கார வைக்காதீர்கள், கன்னத்தில் கம்பி இடித்தால் வழி முழுக்க ரத்தம்தான். கைக்குட்டை நான்கு எடுத்துப் போங்கள். குழந்தைக்கு ஆஸ்துமா இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தைச் சில குழந்தைகளுக்கு இந்தக் கட்டியின் மேல் விடச் சொல்வார்களாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகாது. கடையில் நீங்களாக வாங்கி விட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

ஜூன் 11, இரவு 10.20

ஈறு பற்றிக் கேட்ட பெருந்துறைத் தங்கச்சிக்கு.

என் நங்கைக்கு (அண்ணிக்கு) 2016-ல் ஆறு மாதக் கர்ப்பத்தில் மேல் பல் இரண்டுக்கு நடுவே ஈறில் இதே மாதிரி சிவப்பாகச் சதை வளர்ந்தது. பல் விளக்கினால் எச்சிலெல்லாம் சிவப்பு. வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்று மாமியார் நேராத கோயில் இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கர்ப்பத்தில் ஊறும் ஹார்மோனால் ஈறில் ரத்தக் குழாய்கள் தடித்துவிடுகின்றன, பல்லில் காரை படிந்திருந்தால் அது தூண்டிவிடுகிறது. பல் மருத்துவர் காரையை மட்டும் சுத்தம் செய்து, மென்மையான பிரஷ் வாங்கச் சொல்லி, பிரசவம் வரை பொறுங்கள் என்றார். இப்போது எடுத்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்றார். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் அவளே கண்ணாடியில் பார்த்து எங்கே போச்சு என்று கேட்டாள்.

ரத்தம் நிற்காமல் வந்தாலோ, சாப்பிட முடியாமல் போனாலோ கர்ப்பத்திலேயே எடுப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகும் சுருங்காவிட்டால் எடுத்துவிட வேண்டும், பாட்டில் அதற்கும் உண்டு.

ஜூன் 12, காலை 6.15

இன்று புதன்கிழமை. தம்பி இந்நேரம் கிளம்பியிருப்பார்.

ஜூன் 12, இரவு 11.00

வேலை செய்யும்போதெல்லாம் அந்தக் குழந்தை நினைப்புதான். உட்கார்ந்து முதலில் இருந்து நான் எழுதியதை வாசித்தேன். ஒன்றைத் திருத்த வேண்டும்.

ஜூன் 3 அன்று எழுதியதைப் படித்தால், இரண்டாவது மருத்துவர் சரியாக அறுக்காததால்தான் திரும்ப வந்தது என்று தோன்றும். அன்று என் மனதிலும் அப்படித்தான் இருந்தது. அது நியாயமில்லை. மேலோடு வழித்துச் சுடுவதும் எல்லோரும் செய்கிற, ஏற்கப்பட்ட முறைதான். தழும்பு குறையும், தையல் வேண்டாம். ஆனால் அடியில் ஊட்டம் கொடுக்கும் குழாய் கொஞ்சம் மிஞ்சினாலும் மறுபடி தளிர்க்கும். தையல் போட்டு முழுதாக எடுத்தால் அந்த வாய்ப்பு குறைவு, ஆனால் அதற்குத் தழும்பு விலை. முகத்துக்கு ஒன்று சரி, விரலுக்கு ஒன்று சரி. திரும்ப வந்தாலே புற்றுநோய் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் தவறு. அந்த இரண்டாவது மருத்துவர்மேல் எனக்கு இருந்த வருத்தத்தில் திரும்ப வந்த பங்கை எடுத்துவிடுகிறேன். குப்பையில் போட்ட பங்கு அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. முடியில் கட்டுவதை அன்று ஒரே அடியாக மறுத்தேன். அண்ணன் மகள் சொல்கிறாள், காம்பு மெல்லியதாக இருந்தால் மருத்துவர்களே சுத்தமான நூலால் அடியில் இறுக்கிக் கட்டி விழச் செய்வதும் உண்டாம். அப்படியானால் மாமியார் எங்கோ பார்த்தது பொய்யில்லை. எங்கள் அம்மாயியும் பொடக்காலியில் உட்கார்ந்து கழுத்துப் பாலுண்ணிக்கு முடி கட்டிக்கொண்டவள்தான். ஆனால் பாலுண்ணியில் ரத்தக் குழாய் நூல் அளவு. இது முழுக்கக் குழாய். பாதி இறுகி அறுந்தால் ஏழு வயதுக் குழந்தையை ராத்திரி தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரும், அழுக்கு முடியில் புண்ணும் சீழ் பிடிக்கும். மாமியாரிடம் கோபமாகப் பேசாதீர்கள் தம்பி. அவர் பார்த்தது வேறு கட்டி என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜூன் 13, காலை 7.05

அப்பாடா. படித்துவிட்டேன். முகம் என்பதால் வழித்துச் சுட்டார்கள், தையல் இல்லை, மரக்கும் களிம்பு தடவி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஊசி போட்டார்கள், ஊசிக்கு மட்டும் அழுதாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்பதற்கு முன்பே நர்ஸ் பாட்டிலை எடுத்து வைத்திருந்தார் என்ற வரியை மூன்று தடவை படித்தேன்.

பொருக்கைப் பிய்க்க விடாதீர்கள். ராத்திரி நகத்தை வெட்டிவிடுங்கள்.

ஜூன் 16, காலை 10.30

பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடும் தம்பிக்குக் கால் கட்டை விரல் நகத்தோரம் சிவப்புச் சதை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த மாத்திரையால் இந்தக் கட்டி வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். மாத்திரை கொடுத்த மருத்துவரிடமே காட்டுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். நகம் சதைக்குள் வளைந்து குத்தினாலும் இப்படி வரும். அப்போது சதையை மட்டும் எடுத்துப் பயனில்லை, நகத்தையும் சரி செய்ய வேண்டும்.

பச்சைக் குழந்தைக்குப் பிறந்து சில வாரத்தில் வரும் சிவப்புத் தடிப்பு வேறு சங்கதி. அது வளர்ந்து, பிறகு சில வருடத்தில் தானாக வெளுத்துச் சுருங்கும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஜூன் 18, இரவு 9.15

வெட்டுக்காயப் பூண்டு வைக்கலாமா என்று கேட்டவருக்கு: நானும் சின்ன வயதில் அரிவாள் பட்ட காயத்துக்கு அந்த இலையைக் கசக்கிப் பிழிந்தவள். வயல் வரப்பில் வேறு என்ன இருந்தது. இந்தக் கட்டிக்கு அது வேண்டாம். காயம் மூடும் வேலை இங்கே இல்லை, கட்டி போகும் வேலை.

ஜூன் 22, மதியம் 1.10

ரிப்போர்ட் வந்துவிட்டதாம். படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், மகள் பெயரை மறைத்து. என் ரிப்போர்ட்டில் இருந்த அதே மூன்று சொல்.

தம்பி, அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ஒருவேளை அடுத்த மாதம் மறுபடி ஒரு பொட்டு வந்தாலும் நீங்கள் ராத்திரி முழித்துக் கிடக்க வேண்டியதில்லை. நேராகப் போய்க் காட்டினால் போதும். திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு ஒட்டாது என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.